முப்பத்தெட்டு அங்குலம்

நீலாவின் பலகையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் ஷிஃப்டுக்கு வருவதற்கு முன்பே காரியம் முடிந்திருந்தது. மேஜைக்குக் கீழே பலகை கிடந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அதன் மேலேயே புதிதாக ஒரு மஞ்சள் கோடு ஓடியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

எர்ணாவூரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் கார்களுக்கான ரப்பர் வளையங்கள் செய்தார்கள். அச்சிலிருந்து சூடாக வெளியே வரும் வளையத்தின் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தியால் அதைச் சீவி எடுப்பது நீலாவின் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நானூறு வளையம். நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். மேஜை முப்பத்தெட்டு அங்குல உயரம். நீலா நாலடி எட்டங்குலம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சரக்கு வந்த மரப்பெட்டி ஒன்று உடைந்து கிடந்ததில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பலகையைத் தேற்றி, காலடியில் போட்டுக்கொண்டாள். ஆறு வருடம் அதன்மேல் நின்று வேலை செய்தாள். அது தனக்குச் செய்துகொண்டிருந்த உதவி அவளுக்குத் தெரியவே தெரியாது. காலையில் வந்ததும் ஏறுவாள், மணியடித்ததும் இறங்குவாள், அவ்வளவுதான்.

வளையம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள், பட்டியலில் இல்லாத பொருள் எதுவும் தரையில் இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் பக்தவச்சலம் விளக்கினார். மேஜைக்கு நம்பர் இருக்கிறது, ட்ரேவுக்கு நம்பர் இருக்கிறது, பலகைக்கு என்ன நம்பர் என்று கேட்டார். யாராவது தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தைந்து வருடமாக மேலே இருப்பவர்கள் சொன்னதைக் கீழே சொல்லிச் சொல்லி, அது மட்டுமே அவர் வேலையாகிவிட்டது.

முதல் இரண்டு நாள் நீலா சமாளித்தாள். மூன்றாவது நாள் தோள் எரிந்தது. பலகை இல்லாமல் மேஜை அவள் முழங்கைக்கு மேலே போய்விட்டது. எட்டு மணி நேரமும் இரண்டு தோள்களையும் காதை நோக்கித் தூக்கி வைத்துக்கொண்டே கத்தியைப் பிடிக்க வேண்டியிருந்தது. டீ நேரத்தில் மற்றவர்கள் சுவரோரம் குந்துவார்கள். அவள் உட்கார மாட்டாள். கையைத் தொங்கப்போட்டு உதறிக்கொண்டு, கழிவறை வரை நடந்து திரும்புவாள். கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாய முடியவில்லை. நிமிர்ந்தால் கழுத்து இழுத்தது. பாதி வழியில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கம்பியைப் பிடிக்கவும் கை ஏறாது.

குடியிருப்பு வீட்டுக்கு வந்தாலும் நிலைகொள்ளவில்லை. மாடிப்படி ஏறியதும் இறங்கத் தோன்றும். சாயங்காலம் எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டி, கடலோரம் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் வரை போய், அங்கேயும் நிற்காமல் திரும்பி வருவாள். விசைப்படகில் வேலை பார்க்கும் அவள் புருஷன் செல்வம் கடலிலிருந்து திரும்பிய அன்று, அவள் தலைமுடியைப் பின்னாமல் கழுத்துக்குக் கீழே ஒரு ரப்பர் போட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன புது மோஸ்தர் என்று கேட்டான். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை. கேட்டதற்காக எரிந்து விழுந்தாள்.

பக்தவச்சலத்திடம் இரண்டு முறை போனாள். யோசனைப் பெட்டியில் எழுதிப் போடச் சொன்னார். எழுதிப் போட்டாள். பதில் இல்லை. சுவர் கட்டிய இடத்தில் மிச்சமான இரண்டு கல்லைக் கொண்டுவந்து அதன்மேல் நின்றாள். அன்று மதியமே செக்யூரிட்டி வந்து எடுத்துக்கொண்டு போனார். முதல் தவணையாக வாய் எச்சரிக்கை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் அவள் ஜுபைரைப் பிடித்தாள்.

ஜுபைர் கான்ட்ராக்டில் வந்த ஃபிட்டர். தண்டையார்பேட்டைக்காரன், முப்பது வயது இருக்கும். மெஷின்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்க்க வருவான். மேஜைக் கால்கள் இரும்புக் குழாய். நாலு காலிலும் நாலு அங்குலம் அறுத்துவிட்டால் போதும் என்று நீலா சொன்னாள். அவன் குனிந்து பார்த்தான், குழாயைத் தட்டினான், கால் மணி நேர வேலை என்றான். எழுந்தவன் ஒரு கேள்வி கேட்டான்.

“அடுத்த ஷிஃப்டுல இங்க யாருக்கா நிக்கிறாங்க? அவுங்களுக்கு ஓகேவா?”

“கேட்டுட்டேன் தம்பி. ஒண்ணும் பேஜார் இல்லன்னாங்க.”

அவள் கேட்கவில்லை. அந்த மேஜையில் மாற்று ஷிஃப்டில் நிற்பது யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஒரு வாரம் இவள் காலை, அவள் மதியம். அடுத்த வாரம் தலைகீழ். ஒரு ஷிஃப்டை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போன பிறகுதான் அடுத்த ஷிஃப்டின் வேன் உள்ளே வரும். சீவும் கத்தியின் கைப்பிடியில் புதிதாகச் சுற்றியிருக்கும் துணி, ட்ரேவின் மூலையில் எப்போதாவது கிடக்கும் புதினா மிட்டாய்த் தாள், இதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி நீலா எதையும் அறிந்ததில்லை.

திங்கட்கிழமை காலை மேஜை அவள் இடுப்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. பத்து நிமிஷத்தில் தோள் இறங்கியது. அந்த வாரம் அவள் கணக்குக்கு மேல் நூறு வளையம் சீவினாள். கை முழுக்க மேலே ஏறாவிட்டாலும் எரிச்சல் நின்றது. வேனில் உட்கார்ந்தே வந்தாள்.

இரண்டாவது வாரம் அவளுக்கு மதியம். மூன்றாவது வாரம் மறுபடி காலை. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது மேஜை பழைய உயரத்தில் நின்றது. குனிந்து பார்த்தாள். நாலு காலுக்கும் அடியில் நாலு கட்டைகள். சும்மா வைத்ததில்லை. குழாய் நழுவாமல் உட்காரும்படி ஒவ்வொரு கட்டையிலும் வட்டமாகக் குழி தோண்டியிருந்தது. யாரோ வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை.

நீலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பக்கத்து மேஜைக்காரியை ஒரு கை பிடிக்கச் சொல்லி, கட்டைகளை உருவி ஓரமாகப் போட்டாள். புதன்கிழமை காலை கட்டைகள் மறுபடி மேஜைக் காலடியில் இருந்தன. உருவிப் போட்டாள். வியாழக்கிழமையும் இருந்தன. ஷிஃப்டின் முதல் பத்து நிமிஷம் இந்த வேலையிலேயே போனது. வளையத்தின் எண்ணிக்கை குறைந்தது. யாரென்று தெரியாத ஒருத்தியோடு மனதுக்குள் சண்டை போட்டபடியே வேலை செய்தாள். அவளுக்கு மட்டும் என்ன கேடு, நாலு அங்குலம் கீழே இருந்தால் செத்தா போவாள் என்று வேனில் வரும்போது முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மணியடித்ததும் அவள் கட்டைகள் நாலையும் பொறுக்கி, கழிவு ரப்பர் போடும் டிரம்மில் எறிந்தாள். மேலே நாலைந்து கை ரப்பர்த் துணுக்கை அள்ளிப் போட்டாள். ஓடிப்போய் வேனில் ஏறினாள்.

சனிக்கிழமை காலை அவள் மேஜைக்குப் போனபோது கத்தி இல்லை. ட்ரே இல்லை. மேஜையின் விளிம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் இடுக்கில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அன்றைக்கு அவசர வேலைக்காக வந்திருந்த ஜுபைர் அவளைப் பார்த்ததும் கிட்டே வந்து விஷயத்தைச் சொன்னான். நேற்று மாலை ஐந்து மணிக்கு இந்த மேஜையில் நின்ற பெண் கையை வெட்டிக்கொண்டாள். சாரா என்று பெயர், ராயபுரத்துப் பெண். கட்டைகளைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. பசை வந்த காலி டின்கள் நாலை எடுத்துக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். கெட்டியான வளையம் ஒன்றை அழுத்திச் சீவும்போது ஒரு டின் நழுவி, மேஜை சாய்ந்து, கத்தி பிடித்த கை அலகின் மேல் வழுக்கி உள்ளங்கை வெட்டுப்பட்டுவிட்டது. ஆட்காட்டி விரலுக்கு அடியில். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்களாம்.

சொல்லி முடித்துவிட்டு ஜுபைர் அவளையே பார்த்தான். கேட்டதாகச் சொன்னீர்களே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீலா கழிவு டிரம் இருந்த பக்கம் பார்த்தாள். அதை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள்.

பதினோரு மணிக்குப் பக்தவச்சலம் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் முன்னால் டைப் செய்த ஒரு தாள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடம்பு சரியில்லாமல் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், வீட்டில் மீன் நறுக்கும்போது கை வெட்டுப்பட்டதாகவும், அதற்காக விடுப்பு வேண்டும் என்றும் சாரா எழுதிக் கொடுப்பதுபோல அது இருந்தது. கீழே கையெழுத்து போட இடம் விட்டிருந்தது. ஒரே மேஜைக்காரிகள், பெண்ணுக்குப் பெண் பேசினால் கேட்பாள், நாளை ஞாயிறுதானே, போய் வாங்கிக்கொண்டு வா என்றார்.

நீலா தாளை எடுக்காமல் நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“டேபிள் கால அறுத்தது யாருன்னு நான் கேக்கல. விபத்துன்னு பதிவாச்சுன்னா ஆபீஸருங்க வந்து கேப்பாங்க. ஜுபைர் போவான். நீயும் போவ. ஒரு கையெழுத்துதான், அதோட முடிஞ்சுது.”

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபோது தனக்கு நிம்மதியாக இருந்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது. எர்ணாவூரில் பஸ் ஏறி, டோல்கேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளித் தள்ளி இடம் கொடுத்தும் அவளால் ஒரு பக்கமாக உட்கார முடியவில்லை. பையை மடியில் வைத்தாள், காலடியில் வைத்தாள், மறுபடி மடிக்கே எடுத்தாள். ராயபுரத்தில் சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜுபைர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு இரண்டு சந்து சுற்றினாள். வீடு தெரிந்தபிறகும் ஒரு முறை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

கதவைத் திறந்தவள் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. வலது கை மணிக்கட்டு வரை கட்டுப்போட்டு, கழுத்திலிருந்து தொங்கியது. நீலா அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தடி ஏழங்குலமாவது இருக்கும். இந்தச் சண்டையில் எத்தனையோ முகத்தை அவளுக்கு வைத்துப் பார்த்திருந்தாள் நீலா. இவ்வளவு உயரத்தை ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை.

கம்பெனியிலிருந்து வருகிறேன், அதே மேஜைதான் என்று நீலா சொன்னாள். சாரா உள்ளே வரச் சொன்னாள். வீடு ஒற்றை அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. சாராவின் அப்பா இன்னாசி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. கையால் எதையும் செய்ய முடியாத மகளுக்காக அவர்தான் டீ போட்டார். சமையல் மேடை வழக்கத்தைவிட மிக உயரமாக இருந்ததை நீலா கவனித்தாள். இரண்டு வரி செங்கல் வைத்து ஏற்றிப் பூசியிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பெண் வளர வளர மேடையையும் வளர்த்தேன், இல்லையென்றால் கூனிப்போவாள் என்று இன்னாசி சொன்னார். கட்டைகளுக்குக் குழி தோண்டியதும் இவர்தான் என்று நீலாவுக்கு அப்போதே புரிந்தது.

சாரா பேசுவதற்கு ஆள் கிடைத்ததுபோலப் பேசினாள். ஒரு நாள் போய் நின்றால் மேஜை திடீரென்று பள்ளத்தில் கிடந்தது, கம்பெனிதான் குறைத்துவிட்டது என்று நினைத்தாளாம். சூப்பர்வைசரைக் கேட்டதற்கு எந்த மேஜையும் மாறவில்லை என்றாராம். ஐந்தாவது நாளிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அதன் பிறகு அப்பா கட்டை செய்து கொடுத்தார்.

“தெனமும் யாரோ எடுத்து ஓரமா வச்சிருப்பாங்க. கூட்டுறவங்கன்னு நென்ச்சேன். வெள்ளிக்கெழம ஓரத்துலயும் இல்ல. எவ்ளோ நேரந்தான் தேடறது சொல்லுங்க. சூப்பர்வைசர் வேற கத்திகினு கீறாரு.”

நீலா டீயைக் கீழே வைத்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டது, புதன்கிழமை ஆபரேஷன், விரல் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் சாரா. சொல்லும்போது கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பையில் இருந்த தாளை இப்போது எடுக்கலாம். கம்பெனியில் கொடுத்தார்கள், கையெழுத்து போட்டால் உனக்கு நல்லது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் வாசித்துப் பார்க்கக்கூட மாட்டாள்போல இருந்தது. நீலாவின் கை பைக்குள் போய்த் தாளைத் தொட்டது. வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

“கட்டைய எடுத்தது நான்தான்.”

சாராவுக்கு விளங்கவில்லை.

“தெனமும் எடுத்ததும் நான்தான். வெள்ளிக்கெழம டிரம்ல போட்டதும் நான்தான். டேபிள் கால அறுக்கச் சொன்னதும் நான்தான்.”

இன்னாசிதான் முதலில் எழுந்தார். சத்தம் போடவில்லை. வாசலைக் காட்டி, எழுந்து போம்மா என்று மட்டும் சொன்னார். நீலா எழுந்தாள். சாரா அப்பாவைக் கையமர்த்தினாள்.

“இன்னாத்துக்கு அறுத்த?” மரியாதை போயிருந்தது.

நீலா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் உயரத்தில் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற்ற முயன்றபோது முகம் கோணியது. பலகை இருந்ததையும், அது போனதையும், கேட்டுக் கேட்டுப் பார்த்ததையும் கோர்வையில்லாமல் சொன்னாள். சொல்லும்போதே, இதில் எதுவும் தான் செய்ததற்குச் சமாதானம் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சாரா எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இடது முழங்கையை மடக்கினாள். அது நீலாவின் தோளுக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. நீலாவின் முழங்கை எங்கே இருக்கிறது என்றும் பார்த்தாள். மறுபடி போய் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தாலா வலியாலா என்று நீலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“யாருன்னே தெரியலம்மா.”

“ஒரு சீட்டு எழுதி டேபிள்ல வச்சிருக்கலாமே.”

நீலா தாளை வெளியே எடுத்து அவள் முன்னால் வைத்தாள். இதில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றாள். சாரா வாசித்தாள். மீன் நறுக்கும்போது என்ற இடத்தில் நின்று, திரும்ப ஒருமுறை வாசித்தாள். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால்தான் ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதம் ஆனாலும் இ.எஸ்.ஐ.யில் விடுப்புச் சம்பளம் கிடைக்கும், விரல் மடங்காமல் போனால் அதற்கும் வழி உண்டு, இதில் கையெழுத்து போட்டால் எதுவும் இல்லை என்று இன்னாசி நிதானமாகச் சொன்னார். துறைமுகத்தில் இதே மாதிரித் தாள்களைப் பார்த்தவர் அவர்.

“நான் போடலன்னா நீ மாட்டுவ இல்ல?” என்றாள் சாரா.

“மாட்டுவேன்.”

“அப்போ இன்னாத்துக்கு வந்து சொல்ற?”

நீலாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

சாரா தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தான் கையெழுத்து போடப்போவதில்லை, நடந்ததை நீலா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். இன்னாசி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தார். நீலா தரையில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு முறை அடித்துவிட்டு, மூன்றாவது முறை ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தாள். ஜுபைரின் பெயர் வரும் இடத்தில் பேனா நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டு, இன்னொருத்தரைக் கேட்க வேண்டும், கேட்காமல் எழுத மாட்டேன் என்றாள். கேட்டுவிட்டு நாளைக்கே கொடுப்பதாகச் சொல்லி எழுந்தாள். வெளியே வரும்போது யாரும் போய் வா என்று சொல்லவில்லை.

தண்டையார்பேட்டையில் ஜுபைர் வீட்டுக்கு நேராகப் போனாள். அவன் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். சாராவிடம் கேட்டதாகத் தான் சொன்னது பொய் என்று முதலில் சொன்னாள். பிறகு தாளைப் பற்றியும், தான் எழுதியதைப் பற்றியும் சொன்னாள். அவன் துணியைப் பிழிந்து ஹேண்டிலில் போட்டான்.

“என் பேர எழுதாதக்கா. எனுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த வேல வேணும்.”

சரி என்றாள். அவன் மறுபடி பைக்கைக் கழுவ ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை பக்தவச்சலம் கையெழுத்தில்லாத தாளையும் நீலாவின் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோலக் கேட்டார். காலையிலேயே சாராவிடம் கொடுத்துவிட்டேன், அவள் ஒரு பிரதியைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டாள் என்று நீலா சொன்னதும் எழுந்து மேலே மாடிக்குப் போனார்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மேஜைக் காலை அறுத்தது யார் என்று அவளிடம் பல விதமாகக் கேட்டார்கள். நானே கேட்டுச் செய்யச் சொன்னேன், பெயர் சொல்ல மாட்டேன் என்றாள். மூன்றாவது நாள் ஜுபைரே வந்து நான்தான் என்று சொன்னான். அவனை யாரும் கூப்பிடவில்லை. எதற்காக வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பக்கம் திரும்பாமல் பேசினான், திரும்பாமலே போனான். கான்ட்ராக்டர் அவனை மணலிக்கு மாற்றிவிட்டார். நீலா பலமுறை போன் செய்தாள். அவன் எடுத்ததில்லை.

அவளுக்கு நாலு நாள் சஸ்பென்ஷனும் ஒரு மெமோவும் கிடைத்தன. அந்த நாலு நாளும் வீட்டில் இருந்ததே பெரிய தண்டனையாக இருந்தது. பாத்திரங்களை எடுத்து விளக்கினாள், அடுக்கினாள், மறுபடி எடுத்தாள். செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், தோளை யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டான். மறுநாள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனான். சுவரில் விரல்களை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை மேலே ஏற்றும் பயிற்சியை அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆய்வாளர் வந்தது அதற்கடுத்த வாரம். சாராவும் வரவழைக்கப்பட்டிருந்தாள். ஆபரேஷன் ஆன கையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். இருவரையும் மேஜை முன்னால் ஒவ்வொருவராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். ஒருத்திக்கு முப்பத்தைந்து அங்குலம், ஒருத்திக்கு நாற்பத்திரண்டு. இந்த இரண்டு பேருக்கும் ஒரே உயரத்தில் மேஜை போட்டது யார் என்று கேட்டார். அது ஸ்டாண்டர்டு என்றார் பக்தவச்சலம். யாருடைய ஸ்டாண்டர்டு என்று ஆய்வாளர் திருப்பிக் கேட்டார். அறுத்த கால்களுக்குள் இன்னொரு குழாயைச் செருகி, துளை போட்டு, இரும்பு முளையால் மாட்டி உயரத்தை ஏற்றி இறக்கும்படி செய்ய உத்தரவானது. பத்து நாளில் செய்தார்கள்.

சாரா இரண்டரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். விடுப்புச் சம்பளம் ஒழுங்காக வந்திருந்தது. ஆட்காட்டி விரல் பாதிதான் மடங்கியது. கத்தி பிடிக்க முடியாது என்பதால் செக்கிங் பிரிவில் போட்டார்கள். அங்கே பொது ஷிஃப்ட் என்பதால் இப்போது இருவரும் ஒருவரையொருவர் தினமும் பார்க்கும்படி ஆயிற்று. முதல் சில நாள் சாரா கண்டுகொள்ளாமல் போனாள். ஒரு நாள் டீ நேரத்தில் வந்து பக்கத்தில் நின்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நீலாவும் கேட்கவில்லை. வரிசையில் இருந்த மற்ற மேஜைகளைப் பார்த்தபடி, இன்னும் இருபத்திரண்டு மேஜை அதே முப்பத்தெட்டில் கிடக்கிறதே என்று சாரா சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீலா ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு, சாராவையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தியின் வலியையும் முழங்கை உயரத்தையும் எழுதிக்கொள்ள மேஜை மேஜையாகப் போனாள். முதல் மேஜைக்காரி தனக்கு எந்த வலியும் இல்லை என்றாள். இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள், சொல்லும்போது சூப்பர்வைசர் அறையைப் பார்த்தாள். மூன்றாவது மேஜையில் இருந்த மோகனப்ரியா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நேராக நின்று, முழங்கையை மடக்கிக் காட்டினாள். நீலா மண்டியிட்டு டேப்பைத் தரையில் வைத்தாள். சாரா இடது கையால் எண்ணை எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு முதலில் மறுத்தவள் திரும்பி வந்தாள். தனக்குத் தோளில் வலி இல்லை, குதிகாலில்தான், அதையும் எழுதுவார்களா என்று கேட்டாள். எழுதலாம் என்றாள் நீலா.

மணியடித்தபோது ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள். நீலா இன்னும் சாப்பிடவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே அடுத்த மேஜைக்காரியிடம், நாளைக்கு உன்னிடமிருந்துதான் ஆரம்பம், சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடு என்று சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தாள்.